பாட்டை எடுத்துவிட்டால் அது என்ன இசைநாடகம்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரடி இசைநாடகம் காட்டலாமா, கூடாதா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. காட்டலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக் கல்வித் திட்டம் 1993 முதல் இருக்கிறது. பள்ளிகள் பட்டியலைப் பார்த்துத் தங்களுக்கு ஏற்ற நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கலாம். டோட்டே வாரியத்தின் மானியமும் உண்டு. தாய்மொழி இருவாரம் வந்துவிட்டால் மண்டபத்தில் ஏதாவது ஒன்று மேடையேறத்தான் செய்கிறது. எனக்குள்ள கேள்வி வேறு. மேடையேறுவது இசைநாடகம்தானா?

இதுவரை பார்த்தவற்றில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. மொத்தம் 40 நிமிடம். நடத்துநர் வந்து வணக்கம் சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னதும், "சத்தம் பத்தலையே, காலையில சாப்பிடலையா?" என்பார். இதில் 3 நிமிடம் போய்விடும். பிறகு கதை. ராஜா வருவார், மந்திரி வருவார், எல்லாரும் வசனம் பேசுவார்கள், பாதி ஆங்கிலம். இடையில் இரண்டு பாட்டு. அதுவும் ஒலிபெருக்கியிலிருந்து வரும். நடிகர்கள் வாயை அசைப்பார்கள். முடிவில், "இந்தக் கதையிலேர்ந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்ற கேள்வி. "பொய் சொல்லக்கூடாது" என்று சொன்ன பிள்ளைக்கு ஒரு சாக்லெட். வகுப்புக்குத் திரும்பினால் ஐந்து கேள்விகளோடு பயிற்சித்தாள் காத்திருக்கும்.

நடிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் இரண்டு மூன்று பள்ளிக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். தவறு நாம் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. "சின்னப் புள்ளைங்க, புரியணும், சிம்பிளா வைங்க" என்று நாம்தான் சொல்கிறோம். எளிமை என்றதும் முதலில் வெட்டுப்படுவது பாட்டு. அடுத்தது வாத்தியம். மிஞ்சுவது கதையும் நீதியும். இசைநாடகத்தில் குழந்தைக்கு எட்டக்கூடியது எதுவோ அதை வெளியே எறிந்துவிட்டு, வகுப்பறையிலேயே கிடைக்கக்கூடிய ஒன்றை மேடையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

வசனம் எளிது, பாட்டு கடினம் என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைக்கு அப்படியில்லை. வசனம் ஒருமுறை காதில் விழுந்து போய்விடும். ஒரு சொல் புரியாவிட்டால் அடுத்த வாக்கியமும் போச்சு. பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை ஓசையாகக் கேட்டது மூன்றாம் தடவை சொல்லாகிவிடுகிறது. எதுகையும் மோனையும் அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று காதுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. பொருள் முழுக்கத் தெரியாமலே பிள்ளை பாடும். பாடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பொருளும் வந்து சேரும். நாம் எல்லாரும் சினிமாப் பாட்டில் தமிழ் கற்றது இப்படித்தானே?

இது சிங்கப்பூரில் இன்னும் முக்கியம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது ஆசிரியரின் குரல், ஒரு பாடநூல், ஒரு திரை. அவ்வளவுதான். தமிழ் ஒரு மனித உடம்பிலிருந்து முழு மூச்சோடு பாட்டாகக் கிளம்பி வருவதை அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கும் வாய்ப்பு வருடத்தில் எத்தனை தடவை? அந்த ஒரு தடவையையும் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

2005இல் வந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வு நம் வகுப்பறைகளுக்குள் பேச்சுத் தமிழைக் கொண்டுவந்தது. நல்ல முடிவு. அதன் பலனை அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் அதையே காரணம் காட்டி மேடையையும் முழுக்கப் பேச்சாக்கிவிட்டால் எப்படி? பேச்சுத் தமிழை நாம் வகுப்பிலேயே கொடுக்கலாம். பாட்டை, அதுவும் மத்தளத்தோடு வரும் பாட்டை, நம்மில் எத்தனை பேரால் கொடுக்க முடியும்? (என் குரலில் பாடினால் தொடக்கநிலை 2 பிள்ளைகள் சிரிப்பார்கள். அது வேறு விஷயம்.)

ஆப்பரா என்றால் நம் மாணவர்களுக்குக் கார்ட்டூனில் பார்த்ததுதான் தெரியும்: கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட ஓர் அம்மா, கண்ணாடி நொறுங்கும்படி ஒரு கத்து. ஆனால் ஊருக்குள்ளேயே ஆப்பரா இருக்கிறது. ஏழாம் மாதத்தில் சீனக் கோயில்களுக்கு முன்னால் மேடை கட்டி நடத்துகிறார்களே, அதுவும் ஆப்பராதான். அந்தக் கலைஞர்கள் சந்தித்த சிக்கலை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் பாடியது ஹொக்கியென், தியோச்சியூ, கன்டனீஸ் மொழிகளில். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த மொழிகள் வீட்டிலேயே அந்நியமாயின. மேடையில் பாட்டி மொழி, கீழே அது புரியாத பேரப்பிள்ளை. 1981இல் ஜோஆனா வோங் தொடங்கிய சைனீஸ் தியேட்டர் சர்க்கிள் குழு இதற்கு ஒரு வழி கண்டது: பாட்டைக் கன்டனீஸிலேயே விட்டுவிட்டு ஆங்கிலத் துணையெழுத்தைத் திரையில் போட்டது. புரிய வைப்பதற்காகப் பாட்டை எடுத்துவிடவில்லை. மேற்கத்திய ஆப்பரா அரங்குகளே மேடைக்கு மேல் துணையெழுத்து போட ஆரம்பித்தது 1983இல் டொரோன்டோவில்தான். நம் கீழ்த்தொடக்கநிலைப் பிள்ளைகளால் துணையெழுத்தை அந்த வேகத்தில் படிக்க முடியாது என்பது உண்மை. அவர்களுக்கு வேறு வழி வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சீன ஆப்பராவைப் பள்ளிக்குக் கொண்டுவரும் செயல்விளக்கங்களிலும் ஒரு குறை உண்டு. முகத்துச் சாயத்தில் சிவப்பு என்றால் விசுவாசம், வெள்ளை என்றால் வஞ்சகம், குஞ்சம் வைத்த சாட்டை என்றால் குதிரை, நீண்ட கைத்துணியை இப்படி வீசவேண்டும் என்று காட்டுவார்கள். இரண்டு பிள்ளைகளை மேலே கூப்பிட்டு வீசச் சொல்வார்கள். மண்டபமே குதூகலிக்கும். ஆனால் பாட்டு? கடைசி 5 நிமிடம். பிள்ளை வீட்டுக்குப் போய் உடுப்பைப் பற்றிச் சொல்லும், பாட்டைப் பற்றிச் சொல்லாது. பரதநாட்டியச் செயல்விளக்கத்தில் முத்திரை மட்டும் காட்டிவிட்டுப் போவதும் இதே கதைதான். இத்தனைக்கும் இந்த ஊரில் இரண்டு மரபுகளும் எவ்வளவு ஆழமாகக் கைகோத்திருக்கின்றன என்பதற்குச் சாட்சி உண்டு. சீன ஆப்பராவில் புகழ்பெற்ற பட்டாம்பூச்சிக் காதலர்கள் கதையைச் சாந்தா பாஸ்கர் 1958இலேயே பரதநாட்டிய நாடகமாக்கினார்.

நம் பக்கம் வருவோம். தமிழில் நாடகம் என்றாலே நெடுங்காலம் இசைநாடகம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் பாட்டால் நடப்பவை. வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாலம். மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் விடிய விடிய நடக்கின்றன. ஆர்மோனியம் ஒருவர், மிருதங்கம் ஒருவர், தாளத்தோடு மேடைச் சத்தங்களையும் கொடுக்கும் ஆல்ரவுண்ட் ஒருவர். நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள், ஒத்திகை கிடையாது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் யார் யாரை மடக்குகிறார்கள் என்று ஊரே காத்திருக்கும். பாட்டிலேயே வாதம், பாட்டிலேயே பதில். வகுப்பில் "விவாதம் செய்க" என்று எழுதிப் போட்டு நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாடகங்களை ஒரு காலத்தில் பாடி நடித்தவர்களே பிள்ளைகள்தாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த தி. க. சண்முகத்துக்கு வயது 6. (கமல் படத்தின் 'அவ்வை சண்முகி' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் இவரே, அவ்வையாராக நடித்துப் பெயர் பெற்றவர்.) நம் தொடக்கநிலை 1 வயது! அந்த பாலர் கம்பெனிகளை நான் பொற்காலமாக்கவில்லை. வீட்டை விட்டுப் பிரித்துக் கொண்டுபோன பிள்ளைகள், அடி உதை, படிப்பு இல்லை. இன்றைக்கு அப்படி ஒன்று நடந்தால் நாமே புகார் கொடுப்போம். ஆனால் ஒன்று மட்டும் அதிலிருந்து தெரிகிறது. "இந்த வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு தமிழ் ஏறாது" என்று நாம் சொல்வதற்கு வயது காரணமில்லை. அவர்களுக்குத் தமிழ் காது வழியாக, ராகத்தோடு போனது.

பள்ளிக்கு எதைக் கொண்டுவரலாம்? என்னைக் கேட்டால் குறவஞ்சியைத்தான் சொல்வேன், அதுவும் திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை. ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கியதால் பெரியவர்களுக்கு அது பரதநாட்டியமாகவே மனத்தில் பதிந்துவிட்டது. படித்துப் பாருங்கள். தொடக்கநிலை மொழிப்பாடத்துக்காகவே எழுதியது போன்ற பகுதிகள் அதில் இருக்கின்றன. நாயகி பந்தாடுகிறாள், பந்து துள்ளும் வேகத்திலேயே பாட்டும் துள்ளுகிறது. குறத்தி வந்து தன் மலையைச் சொல்கிறாள்: அங்கே குரங்கு என்ன செய்யும், அருவி எப்படி விழும், நிலா எங்கே தவழும். பிறகு கை பார்த்துக் குறி சொல்கிறாள். இன்னொரு பக்கம் அவளைத் தேடி வரும் சிங்கன் பறவை பிடிக்கிறான். வயலில் இறங்கும் பறவைகளை இனம் இனமாகப் பெயர் சொல்லிப் பாடுகிறான். கடைசியில் இருவரும் சந்திக்கும்போது அவள் உடம்பெல்லாம் நகை. இது என்ன, இது எங்கே கிடைத்தது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான், அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறாள். கேள்வி, பதில், கேள்வி, பதில், எல்லாம் பாட்டில். வினாச்சொற்களைக் கற்பிக்க நாம் தயாரிக்கும் மின்படவில்லைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பறவைப் பாட்டு இந்த ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விடிகாலை 5 மணிக்கு நம் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி ஒரு பறவை விடாமல் கூவுகிறது. தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்பவர்களும் உண்டு. அதுதான் குயில். பாடநூலில் குயிலைப் படிக்கும் பிள்ளையும் அந்தச் சத்தத்தில் எழுந்திருக்கும் பிள்ளையும் ஒன்றே. இரண்டையும் யாரும் அதற்குச் சேர்த்துவைக்கவில்லை. மேடையில் ஒருவர் குயிலைப் பாடி, மண்டபமே பதிலுக்குக் கூவினால் சேர்ந்துவிடும்.

குறவஞ்சியில் சிக்கல் இல்லாமலில்லை. நாயகியின் காதல் ஏக்கம், நிலவைத் திட்டுவது எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம், எடுத்துவிடலாம். குறவர் சமூகத்தைக் காட்டும் விதம்தான் பெரிய கேள்வி. மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் ஆபாசமாகவும் இழிவாகவும் போனதால் தமிழக அரசு 2023இல் அதற்குத் தடை விதித்தது. குற்றாலக் குறவஞ்சி அந்த ஆட்டம் அல்ல. அதில் குறத்தி மலை அறிந்தவள், ஊர் ஊராகச் சுற்றியவள், வாயாடி, யாருக்கும் தலை குனியாதவள். அப்படியே அவளை மேடையேற்ற வேண்டும். கோமாளி உடுப்பு போட்டுச் சிரிப்புக் காட்டுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: நம் தமிழ் வகுப்பில் இந்துப் பிள்ளைகள் மட்டும் இல்லை. "சாமிக் கதையா இருக்கே, எல்லாரும் உட்காரலாமா?" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியிருக்கிறார். நொண்டி நாடக வகையில் சீதக்காதி நொண்டி நாடகம் இருக்கிறது. பீட்டி சாலையில் நம் தமிழ்மொழி நிலையத்துக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம்? வடிவம் மூன்று சமயத்துக்கும் பொது. பந்து, மலை, பறவை, நகை என்ற நான்கு பாட்டுக்கும் எந்தச் சமயச் சிக்கலும் கிடையாது.

துணையெழுத்துப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும் என்றேன். அதைச் செய்து காட்டியவர் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். 1949இல் ஆல்ட்பரோவில் அவர் மேடையேற்றிய 'லெட்ஸ் மேக் அன் ஆப்பரா' இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதியில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓர் ஆப்பரா தயாரிக்கிறார்கள், அதுவே நாடகம். இடையில் இசை நடத்துநர் பார்வையாளர் பக்கம் திரும்பி, அவர்கள் பாடவேண்டிய பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கிறார். மொத்தம் நான்கு பாட்டு. இரண்டாம் பகுதியில் ஆப்பரா: புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட ஒரு சிறுவனை வீட்டுப் பிள்ளைகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் கதை. அதில் இரவுப் பாட்டு ஒன்று வரும். அரங்கை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் ஒரு பறவையாகப் பாட வேண்டும். ஆந்தை ஒரு பக்கம், நாரை ஒரு பக்கம். வாத்தியம் என்று பார்த்தால் பியானோ, நாலு நரம்பிசைக் கருவி, தாளம், அவ்வளவே. சிங்கனின் பறவைப் பாட்டை இதே மாதிரி நம் மண்டபத்தில் செய்ய என்ன தடை? அங்கே பிள்ளைக்குப் புரியவைக்க யாரும் தனியாக மெனக்கெடவில்லை. பாடியவருக்குப் புரியாமல் இருக்குமா?

நேரம் போதாது என்பார்கள். விடிய விடிய நடப்பதை 40 நிமிடத்தில் எப்படிக் கொடுப்பது? இதற்கு இலங்கையில் ஒரு முன்மாதிரி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 1960களில் நவீன அரங்குக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர். இரவு முழுக்க ஆடுவதை ஒன்றரை மணி அளவுக்குச் சுருக்கினார். கூத்தின் உயிர் போய்விட்டது என்று அன்றே குறை சொன்னவர்கள் உண்டு, இன்றும் உண்டு. என் பார்வையில் அவர் செய்த தேர்வு சரி. திரும்பத் திரும்ப வருவதைக் குறைத்தார். பாட்டையும் ஆட்டத்தையும் மத்தளத்தையும் தொடவில்லை. அவருடைய மாணவர் மௌனகுரு பிறகு பிள்ளைகளுக்காக 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற நாடகங்களை எழுதியதும் அந்தப் பாதையின் தொடர்ச்சிதான். சுருக்குவதில் தவறில்லை. எதைச் சுருக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் கதையை முழுசாக வைத்துக்கொண்டு பாட்டைச் சுருக்குகிறோம். கதையைச் சுருக்குவோமே! ஒரே ஒரு காட்சி, நகைக் காட்சி மட்டும், முழுப் பாட்டோடு 25 நிமிடம். கதை எங்கே ஆரம்பித்தது என்பதை ஆசிரியர் முந்தின வாரம் வகுப்பில் சொல்லிவிடலாம்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சில டஜன் பேர்தான். அவர்களுக்காக மட்டும் பாடகர், வாத்தியக்காரர் எல்லாரையும் அழைப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் முழுப்பள்ளி ஒன்றுகூடலில் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைக்கிறோம். அப்படி வைத்ததும் மொழி ஆங்கிலமாகிவிடுகிறது. இதற்கு விடை, பக்கத்துப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து பிள்ளைகளை ஓரிடத்துக்கு அழைத்துப் போவதுதான். பேருந்துச் செலவு வரும், ஒப்புதல் படிவம் வரும், தெரியும். ஆனால் லிட்டில் இந்தியாவுக்கு மரபுப் பயணம் எப்படியும் போகிறோம். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்ததிலிருந்து பிள்ளைகளை அங்கே நடத்திக்கொண்டு போய்ப் பூக்கடை, மளிகைக்கடை காட்டிவிட்டு வருகிறோமே. அந்த நாளோடு சேர்த்து, நூறு பிள்ளைகள் தரையில் உட்காரும் ஒரு சின்ன அறையில், ஒலிவாங்கி இல்லாமல், ஆர்மோனியமும் மிருதங்கமும் கண்ணெதிரே இருக்க, நகைப் பாட்டைக் கேட்கட்டும். ஆயிரம் பேர் உட்காரும் பள்ளி மண்டபத்தின் எதிரொலியில் எந்தத் தமிழும் தெளிவாகக் கேட்காது. வெளியே வந்து சிராங்கூன் சாலையில் நகைக்கடையைத் தாண்டும்போது எந்தப் பிள்ளை எதைச் சுட்டிக்காட்டி என்ன பேர் சொல்கிறது என்று கவனித்தாலே போதும். பயிற்சித்தாளைவிட அது நமக்கு அதிகம் சொல்லும்.

குழுவை அழைக்கும்போது கதை என்ன, நீதி என்ன என்று கேட்கிற வழக்கத்தை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: எத்தனை நிமிடம் பாட்டு? பாடுபவர் மேடையிலேயே பாடுவாரா? வாத்தியம் எத்தனை? பிள்ளைகள் சேர்ந்து பாட இரண்டு பாட்டை மூன்று வாரம் முன்னாலேயே ஒலிப்பதிவாக அனுப்புவீர்களா? "வாத்தியக்காரங்களையும் கூட்டிட்டு வந்தா பட்ஜெட் தாண்டிடும் டீச்சர்" என்று அவர்கள் சொல்லலாம். அப்படியானால் ஜரிகை உடுப்பையும் பின்திரையையும் புகை இயந்திரத்தையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.